சயாமா வாயில் என் பெயர்

எனக்குப் பயம் என்பது பசி மாதிரி. வேளை தவறாமல் வந்துவிடும். லிஃப்ட், கரப்பான் பூச்சி, தெரியாத எண்ணிலிருந்து வரும் போன், பாவசங்கீர்த்தனம் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பயந்து வளர்ந்தவன் நான். ஆனால் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட பயம் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பில் இருந்தபோதே என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்களே, அந்தப் பயம்.

நான் படித்தது ரங்கூனில் ஒரு தனியார் பள்ளி. (யாங்கோன் என்றுதான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான்.) நகரின் நடுவே கியாக்டடாவில் இருந்த ஒரு கல்லூரியோடு எங்கள் பள்ளி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. பள்ளியில் படிக்கும்போதே சாயங்காலம் அங்கே போய் ஒரு கல்லூரிப் பாடம் படிக்கலாம். தேறினால் அதற்குக் கிரெடிட். பிறகு பட்டப்படிப்பில் சேரும்போது அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை. அந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஆள் நான். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். பாடம் ஆங்கிலப் பேச்சு என்பதை யாரும் அப்போது சொல்லவில்லை.

சயாஜி, அதாவது எங்கள் தலைமையாசிரியர், அப்பாவையும் என்னையும் உட்கார வைத்து விளக்கினார். "பாஸ் பண்ணினால் இந்தக் கிரெடிட் உன் கூடவே வரும். ஃபெயில் ஆனால் அதுவும் உன் கூடவே வரும். கல்லூரி ஆவணத்தில் ஏறிவிட்ட மார்க்கை யாராலும் அழிக்க முடியாது. எந்த யுனிவர்சிட்டிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்." அப்பா இதில் முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். மிச்சம் முழுவதையும் நான் வாங்கிக்கொண்டேன்.

அப்பா கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். தாகேதாவில் எங்கள் தெரு முழுக்க அன்றே செய்தி பரவிவிட்டது. "எங்க அருளு ஸ்கூல்ல இருந்துக்கிட்டே காலேஜ் பாஸ் பண்ணப் போறான்" என்று டீக்கடையில்கூடச் சொல்லியிருக்கிறார். இனி ஃபெயிலானால் நான் எங்கள் பேட்டைக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஓடும் பஸுண்டவுங் கால்வாயைத் தாண்டி வீட்டுக்கு வரவே முடியாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

முதல் வகுப்புக்குப் போனால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். வேலை முடிந்து படிக்க வந்தவர்கள். என் பக்கத்தில் டோ கின் என்ற வங்கி அதிகாரி. என் அம்மாவைவிட மூத்தவர். பள்ளிச் சீருடையான பச்சை லொஞ்சியோடு (எங்கள் ஊர்க் கைலி) நான் நுழைந்ததைப் பார்த்து, டீ கொண்டுவந்த பையன் என்று நினைத்து ஒருவர் இரண்டு டீ கேட்டார். மறுக்கச் சங்கடப்பட்டு, கீழே போய் வாங்கிவந்து கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பாடம் நடத்த வந்தவர் வெளிநாட்டுப் பெண்மணி. பெயர் ஜோன். சயாமா என்றால் ஆசிரியை. நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். வந்து சில நாட்களே ஆகியிருந்தன. மாணவர் பெயர்களைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று கல்லூரி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகிக்கொண்டு வந்திருந்தார். அவ்வளவு நல்ல மனது. விபரீதமே அந்த நல்ல மனதில்தான் ஆரம்பித்தது.

பர்மாவில் சிறுவன் பெயருக்கு முன்னால் 'மவுங்' போடுவார்கள். வளர்ந்தால் 'கோ', பெரியவரானால் 'ஊ'. பெண்களுக்கு 'மா', மூத்தவரானால் 'டோ'. வீட்டில் நான் அருள், பள்ளியில் என் பர்மியப் பெயர் 'தான் நாய்ங்'. (தயவுசெய்து தமிழில் அர்த்தம் தேடாதீர்கள்.) மற்றவர்கள் தாங்களே போய்ச் சேர்ந்ததால் வெறும் பெயரைக் கொடுத்திருந்தார்கள். என் பெயரைப் பள்ளி அனுப்பியதால் முறைப்படி 'மவுங் தான் நாய்ங்' என்று போயிருந்தது. முதலில் இருப்பதுதான் பெயர் என்று சயாமா எடுத்துக்கொண்டார்.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். 'மவுங்' என்பதைத் தனியாகச் சொன்னால் இரண்டு அர்த்தம். அக்கா தம்பியை அப்படிக் கூப்பிடலாம். மனைவி கணவனை, அதுவும் கொஞ்சலாக, அப்படித்தான் கூப்பிடுவாள். எது என்பது இழுப்பில் இருக்கிறது. வரவேற்புப் பெண்ணிடம் பயிற்சி எடுத்திருந்த சயாமா, உச்சரிப்பு சரியாக வரவேண்டும் என்ற கவலையில், மெதுவாக, மென்மையாக, நன்றாக இழுத்துச் சொன்னார்.

"மவு...ங்?"

 டோ கின் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ இருமுவது போல ஏதோ செய்தார். என் காது இரண்டும் சூடாயின. எழுந்து நின்று, நின்ற வேகத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் ஊரில் 'ஆநாடே' என்று ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று நம் சங்கடத்தை விழுங்கிக்கொண்டு சிரிப்பது. கேட்பதற்கும் மறுப்பதற்கும் திருத்துவதற்கும் எல்லாவற்றுக்கும் ஆநாடே. "நான் எப்படியப்பா சொல்வது? அவ்வளவு ஆசையாகப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். ஆநாடே" என்றார் டோ கின். தினமும் எனக்குத் தன் லப்பே, அதாவது ஊறவைத்த தேயிலைப் பொட்டலத்தில் பாதி கொடுப்பார். அனுதாபம்தான்.

ஆக, ஒவ்வொரு வகுப்பிலும், "மவுங், நீ என்ன நினைக்கிறாய்?" "மவுங், என்னைப் பார்த்துப் பேசு." "மவுங், இன்றைக்கு ஏன் இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாய்?" வகுப்பறை முழுக்கக் குனிந்த தலைகளும் குலுங்கும் தோள்களும். பேச்சு வகுப்பில் வகுப்பறையில் பேசுவதற்குத்தான் பெரும்பாலான மார்க். நானோ வாயே திறக்கவில்லை. தூக்கத்தில் சயாஜி வந்து, "யாராலும் அழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா பூச்சி மருந்து கொடுத்தார்.

பாதிப் பருவம் முடிந்ததும் சயாமா என்னைத் தனியாக நிறுத்தினார். இப்படியே போனால் ஃபெயில்தான், எனக்குப் பதினெட்டு ஆகாததால் பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும் என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அப்பாவை வராமல் தடுக்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன். "சும்மா பார்க்கணும்னு சொன்னாங்கப்பா, அவசரமில்ல."

"காலேஜ் சயாமா கூப்பிட்டு அனுப்பி போகாம இருக்கலாமா? உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லப் போறாங்க" என்று அவர் அரை நாள் லீவு போட்டார். அம்மா கோயிலுக்கு மட்டும் கட்டும் பட்டுத் தமெயினை, பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் துணியை, எடுத்துக் கட்டிக்கொண்டார். தினமும் கால்வாய்ப் பாலத்தில் நின்றுவிடும் பஸ், அன்றைக்கென்று கியாக்டடா வரை ஒரு முக்கல்கூட இல்லாமல் ஓடியது. நான் வழி முழுக்க ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன்.

அப்பாவுக்கு ஆபீஸ் ஆங்கிலம் தெரியும். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. பர்மியமோ தண்ணீர் பட்ட பாடு. இந்த இரண்டு பேருக்கு முன்னால் சயாமா உட்கார்ந்து, மனம் உருகிப் பேச ஆரம்பித்தார்.

"மவுங்கை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மவுங் என்னை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கூப்பிட்டால் முகம் சிவந்துவிடுகிறது. மவுங்குக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று தெரியவில்லை."

அம்மா முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது அதில் ஒரே ஒரு சொல். அது இழுப்போடு, ஏக்கத்தோடு, திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அம்மா என் பக்கம் சாய்ந்து தமிழில் கேட்டார்.

"யாரைடா இவ மவுங் மவுங்குறா?"

"என்னைத்தாம்மா."

 அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சயாமாவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

அப்பா நிலைமையைப் புரிந்துகொண்டார். நயமாகச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சை அப்படியே பிடித்து வைத்திருக்கலாம்.

"மேடம், இந்த மவுங் என்று கூப்பிடுவது இருக்கிறதே, அது மனைவி. மனைவி மட்டும்தான் கூப்பிடுவாள்."

சயாமா திகைத்தார். "மனைவியா? மவுங்குக்கு மனைவி உண்டா?"

விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "யெஸ் மேடம், யெஸ். மனைவிதான்."

"எவ்வளவு காலமாக?"

"எங்கள் நாட்டில் எப்போதும் இப்படித்தான், மேடம்."

"இந்தச் சின்ன வயதிலா?"

"பிறந்ததிலிருந்தே மவுங்தான், மேடம்."

சயாமாவின் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். "பாவம். அதனால்தான் பேசவில்லையா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனை எடுத்தார். "மன்னிக்க வேண்டும். இதை நான் உடனே பள்ளிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்."

அப்பா என்னைப் பார்த்து வெற்றியோடு தலையசைத்தார்.

 சயாஜிக்குப் போன் போகப் போகிறது. பள்ளியில் படிக்கும் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பெற்றோரே ஒப்புக்கொண்டார்கள் என்று. பள்ளியும் போகும், கல்லூரியும் போகும். தெருவில் அப்பா தலை காட்ட முடியாது. இதற்குமேல் பயப்பட எதுவுமே மிச்சம் இல்லை என்ற இடத்துக்கு வந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சயாமா, போனை வையுங்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை."

பிறகு நிறுத்தவே முடியவில்லை. மவுங் என்பது என் பெயரே இல்லை என்றேன். கோ, ஊ, மா, டோ எல்லாவற்றையும் விளக்கினேன். தம்பியைக் கூப்பிடும் இழுப்பையும் கணவனைக் கூப்பிடும் இழுப்பையும் செய்தே காட்டினேன். (அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.) காதல் காட்சி போல வகுப்பு நடந்ததையும், பின்வரிசை இருமலையும், பூச்சி மருந்தையும்கூட விடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் பேசாமல் விட்ட ஆங்கிலம் அத்தனையும் அங்கே கொட்டிவிட்டது. இலக்கணம் என்னவாயிற்று என்று தெரியாது.

சயாமா மெதுவாக உட்கார்ந்தார். முகம் முழுக்கச் சிவந்திருந்தது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சின்னக் குரலில், "எல்லோருக்கும் தெரியுமா? முதல் நாளிலிருந்தா?" என்று கேட்டார்.

"தெரியும், சயாமா."

"யாருமே எனக்குச் சொல்லவில்லையே."

அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் எல்லோரும் சும்மா இருந்தோம். அத்தனை பேரும் சேர்ந்து அவரை நோகடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாத ஊரில், தினமும் தனக்கே தெரியாமல் ஒரு வேடிக்கையாக நின்றிருக்கிறார். இதுவரை என் மானத்தைப் பற்றியே பயந்துகொண்டிருந்த எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. "ஸாரி, சயாமா" என்றேன். அம்மாவுக்கு விஷயம் முழுதும் புரியாவிட்டாலும், அந்த முகம் புரிந்திருக்க வேண்டும். எழுந்து போய் சயாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஸாரி, மேடம்" என்று அப்பாவும் சொன்னார். எதற்கு என்று அவருக்கு இன்னும் தெளிவில்லை.

அடுத்த வகுப்பில் சயாமா நேராக வந்து, "நான் தப்பாக ஏதாவது சொன்னால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். டோ கின் முதலில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு சயாமா என்னை, வீட்டில் எப்படியோ அப்படியே, அருள் என்று கூப்பிட்டார். 'ள்' கடைசிவரை அவருக்கு வரவில்லை. அது தப்பு என்று நான் இரண்டு தடவை சொல்லியும் காட்டினேன், அவ்வளவு தைரியம் வந்திருந்தது. பாஸ் பண்ணினேன். பெரிய மார்க் ஒன்றும் இல்லை. ஆனால் கிரெடிட் கிடைத்தது, இன்றும் என் ஆவணத்தில் அழியாமல் இருக்கிறது.

போன வருடம் எனக்கு நிஜமாகவே கல்யாணம் நிச்சயமானது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன்னால் பங்குச் சாமியார் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து விசாரித்தார். பெண் வீட்டாரும் இருந்தார்கள். ஞானஸ்நானம், உறுதிபூசுதல் எல்லாம் கேட்டுவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு இதுக்கு முந்தி கல்யாணம் எதுவும் ஆயிருக்கா?"

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு மறுபடியும் பதினாறு வயதாகிவிட்டது. அப்பாவைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பயபக்தியோடு பதில் சொன்னார்.

"இங்கிலீஷ்ல மட்டுந்தான், சாமி."