ஒரேயொரு கேள்வி அண்ணாவும் இருபத்து மூன்று லிட்டர் பீரும்

விக்டோரியா மாநிலத்தில் தினமும் கேட்கப்படும் கேள்விகளில் பாதியை ஒரே மனிதர்தான் கேட்கிறார் என்பது என் நம்பிக்கை. மீதிப் பாதி, அவருக்குப் பதில் சொல்லி முடித்தவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வது.

எங்கள் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'ஒரேயொரு கேள்வி அண்ணா' என்றால் போதும். எதைப் பேசினாலும் "ஒரேயொரு கேள்வி, தங்கச்சி" என்றுதான் தொடங்குவார். அந்த ஒன்று முடிந்ததும் இன்னொரு ஒன்று வரும். பல் டாக்டர் வாயில் கருவியை வைத்திருந்தபோதுகூடக் கையை உயர்த்திக் கேள்வி கேட்டவர் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ட்ருகனினாவில் கிடங்குகளுக்கு நடுவே, வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் நிற்கிறேன். மதுரையில் நுண்ணுயிரியல் படித்தவளுக்கு மெல்பர்னில் கிடைத்த நுண்ணுயிர் இதுதான். ஊரில் மாமியாரிடம் "புளிக்க வைக்கிற கம்பெனி" என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவர் தோசை மாவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நாங்களும் திருத்தவில்லை.

முதல் தடவை பீர் போடுகிறவர்கள் கேட்பதெல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒன்றுதான். குமிழி வரவில்லையே, ஈஸ்ட் செத்துவிட்டதா? குமிழி நின்றுவிட்டதே, முடிந்துவிட்டதா? மேலே அழுக்கு நுரை நிற்கிறதே, கெட்டுவிட்டதா? திறந்து பார்க்கலாமா? எல்லாவற்றுக்கும் பதிலும் ஒன்றேதான்: சும்மா விடுங்கள். ஏழு வருடமாக 'சும்மா விடுங்கள்' என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறேன். இதைச் சொல்ல ஒரு பட்டம் தேவையா என்று சில மாலைகளில் தோன்றும்.

அப்படி அலுத்துப்போன ஒரு குளிர்காலச் சனிக்கிழமையில்தான் அவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் விபூதி, மேலே கிடங்கு வேலைக்காரர்களின் மஞ்சள் மேலங்கி, இரண்டு கைகளிலும் அணைத்தபடி இருபத்து மூன்று லிட்டர் பிடிக்கும் ஒரு பழைய பீர் பீப்பாய்.

"ஒரேயொரு கேள்வி, தங்கச்சி. இதுக்குள்ள என்ன போடுறது?"

இதைவிட அடிப்படையான கேள்வியை நான் அதுவரை கேட்டதில்லை. டின்னில் வரும் முளைகட்டிய பார்லிச் சாறு, சர்க்கரை, தண்ணீர், கடைசியில் ஈஸ்ட். பிறகு மூடிவிட்டு இரண்டு வாரம் சும்மா விடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். சாமானோடு வாசல்வரை போனவர் பதினொரு முறை திரும்பி வந்தார். பன்னிரண்டாவது முறை, தொந்தரவு தாங்காமல் என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். ஆயுளில் நான் செய்த தவறுகளைப் பட்டியல் போட்டால் அது மேலே வரும்.

மறுநாளே அழைப்பு. நான் வெரிபீயில் சூப்பர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, குமிழி வரேல்லை. செத்துப் போச்சுதோ?"

"இன்னும் ஒரு நாள்கூட ஆகலை அண்ணா. சும்மா விடுங்க."

"இல்லை, ஒருக்கா கேளுங்கோ" என்று கைபேசியை பீப்பாயின் மூடியில் செருகிய குழாயின் பக்கம் வைத்துவிட்டார். உள்ளே புளிக்கும்போது காற்று அந்தக் குழாய்த் தண்ணீர் வழியாகக் குமிழியாக வெளியேறும். வெங்காயத்தைக் கையில் வைத்தபடி, வெரிபீயில் நின்று, ட்ருகனினாவில் இருக்கும் ஒரு பீப்பாயின் மௌனத்தை நான் ஐந்து நிமிடம் கேட்டேன். கடைசியில் 'ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. "உயிர் இருக்கு" என்று அவர் விட்ட பெருமூச்சு அதைவிடப் பலமாகக் கேட்டது.

அதன் பிறகு தினமும் அவருடைய சாப்பாட்டு இடைவேளையில் அழைப்பு வரும். போர்வை போத்தலாமோ, தங்கச்சி? சாமி அறைக்குப் பக்கத்தில வைக்கலாமோ? கூட இருக்கிற பெடியன் குசினியில மீன் பொரிச்சவன், அந்த மணம் உள்ள போகுமோ? என் கணவர், "உனக்கு அண்ணன் இல்லைங்கிற குறை தீர்ந்துச்சு" என்பார். அவருக்கு என்ன, கேட்கப்படுவது நான்தானே.

நாலாவது நாள் வந்த கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது.

"ஒரேயொரு கேள்வி. பியர் எண்டா என்ன ருசி?"

"நீங்க குடிச்சதே இல்லையா அண்ணா?"

"ஒருநாளும் வாயில வச்சதில்லை."

அப்புறம் கதை வெளியே வந்தது. அவர் வேலை செய்யும் கிடங்கில் கெவின் என்று ஒரு மேற்பார்வையாளர். இவர் இலங்கையிலிருந்து படகில் வந்து, தற்காலிக விசாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவருடைய ஆங்கிலத்துக்கு எல்லாரும் "வாட்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்களாம். கெவின் மட்டும் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு, கேள்வி முடியும்வரை நின்று கேட்பாராம். விசாவுக்கு வேலையிடத்துக் கடிதம் என்று எத்தனை முறை போய் நின்றாலும் அன்றைக்கே எழுதித் தருவாராம். அந்தக் கெவின், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் கையால் போட்ட பீர் ஆறு போத்தல் கொடுப்பார். இவர் வாங்கிக்கொண்டு போய் அறைத் தோழர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஜனவரியில் திரும்பி வந்து "வெரி நைஸ், கெவின், வெரி நைஸ்" என்பார். இப்படியே பதினொரு வருடம்.

இப்போது கெவினுக்குக் கை நடுக்கம். பீப்பாயைத் தூக்க முடியாது. ஓய்வு பெற்றுக் குயின்ஸ்லாந்தில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறார். போகுமுன் சாமான் முழுவதையும் இவரிடம் கொடுத்து, என் பீரை உன்னை மாதிரி ரசித்தவன் யாருமில்லை, என் பிரிவு விருந்துக்கு உன் முதல் பீரைக் கொண்டு வா, சேர்ந்து குடிப்போம் என்று சொல்லிவிட்டார்.

"அவரிட்டக் கேட்டா நான் குடியாதவன் எண்டு பிடிபட்டிடும், தங்கச்சி. பதினொரு வருசம் பொய் சொன்னவன் எண்டு நினைச்சுக்கொண்டு அந்த மனிசன் போகக் கூடாது. அதுதான் உங்களைக் கரைச்சல்படுத்துறன்."

விருந்துக்கு ஏழு வாரம் இருந்தது. அன்று முதல் நான் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொன்னேன். கொஞ்சம்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு போத்தலில் மாதிரி எடுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் வெளியே போய்விட்டார்கள். சுத்தமான வினிகர்.

"அண்ணா, மூடியைத் திறந்தீங்களா?"

"மூண்டாம் நாள் ஒருக்கா."

"திறந்து என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யிறது, கலக்கி விட்டனான்."

"எதால?"

அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். முழங்கைவரை. "கைச்சூடு பட்டாத்தானே தங்கச்சி புளிக்கும்? குளிர் காலத்தில தோசைமா அப்பிடித்தானே?"

அவரைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. ஏனென்றால் முந்தின நாள்தான் நானும் என் வீட்டு மாவைக் கையால் கலக்கி, மின்னடுப்புக்குள் வைத்து அதன் விளக்கைப் போட்டிருந்தேன். மாவுக்குக் கையில் இருக்கும் கிருமி வேண்டும், பீருக்கு அந்தக் கிருமிதான் எமன். தினமும் அவரோடு ஈஸ்ட் பற்றிப் பேசிய நான், இந்த ஒன்றைச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியர் எவரும் பீப்பாய்க்குள் கையை விடமாட்டார் என்பதால் அந்த எச்சரிக்கை எந்தக் கையேட்டிலும் இல்லை.

மிச்சம் ஐந்து வாரம். இரண்டு வாரம் புளிக்க, இரண்டு வாரம் போத்தலில் நுரை கட்ட. இன்னொரு பீப்பாய் கெட்டால் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை என் பிழைப்பை விட்டுவிட்டு அவருடைய அறைக்கே போய், எல்லாவற்றையும் கிருமிநாசினியால் கழுவவைத்து, இரண்டாவது பீப்பாயைப் போட்டேன். மூடியை நானே இறுக்கினேன். "இனி இதைத் தொட்டீங்கன்னா என்கிட்ட பேசாதீங்க" என்றேன்.

தொடவில்லை. ஆனால் மறுநாள் ஒரு படம் அனுப்பினார். பீப்பாய்க்கு மூன்று பட்டை விபூதி. கீழே கேள்வி: "வெளியில பூசினா உள்ள கிருமி போகாது தானே?" இரண்டு வாரமும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்ததாக அறைத் தோழர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் இடைவெளியில் அளந்த சர்க்கரை அளவு மாறாமல் நின்று, புளிப்பு முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் போத்தலில் அடைக்கச் சொன்னேன்.

விருந்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கிடங்கின் சாப்பாட்டு அறையில். "நீங்கள் பக்கத்தில நிக்கவேணும்" என்று அழைத்திருந்தார். கெவின் பெரிய உருவம், வெள்ளைத் தாடி, பைக்குள் ஒளித்த கைகள். அண்ணாதான் போத்தலைத் திறந்தார். நுரை அழகாக எழுந்தது.

கெவின் ஒரு வாய் குடித்தார். தலையை ஆட்டினார். "உன் முறை, மேட்" என்றார்.

அண்ணா கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினார். விளக்கெண்ணெய் குடித்த முகம். அந்த முகத்தோடேயே, பழக்கதோஷத்தில், "வெரி நைஸ், கெவின், வெரி நைஸ்" என்றார்.

கெவின் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மூன்றாவது வருடம் நான் கொடுத்தது முழுக்க வினிகர். இந்தக் கிடங்கே துப்பியது. நீ மட்டும் ஜனவரியில் வந்து இதையேதான் சொன்னாய். அன்றைக்கே தெரியும், நீ குடிக்கிறவன் இல்லை என்று."

அண்ணா வியர்த்துப்போய், "அந்த வருசத்துப் பியரில எங்கட பெடியள் அச்சாறு போட்டவங்கள், கெவின். அது உண்மையாவே வெரி நைஸ்தான்" என்று தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னார். அச்சாறு என்றால் ஊறுகாய் என்று சேர்த்து நான் மொழிபெயர்த்தேன். கெவினுக்கு மறுபடியும் சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் அண்ணா தன் வாழ்நாளின் மிகச் சிறிய குரலில், "ஒரேயொரு கேள்வி, கெவின். தெரிஞ்சும் ஏன் எனக்குத் தந்துகொண்டே இருந்தீர்?" என்று கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

கெவின் நடுங்கும் கைகளை வெளியே எடுத்து, இரண்டையும் சேர்த்து நீட்டிக் காட்டினார். "மற்றவர்கள் எல்லாம் ஒரு கையால் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு போவார்கள். இவன் மட்டும்தான் இப்படி இரண்டு கையாலும் வாங்கினான்."

அண்ணா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. நான் பார்த்தவரை அது ஒன்றுதான் அவர் கேள்வி இல்லாமல் நின்ற நேரம்.

அந்த வாரத்தோடு என் கைபேசி அடங்கிவிட்டது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாததால் இனி எல்லாக் கேள்வியும் நேரே குயின்ஸ்லாந்துக்கு. நிம்மதி என்று முதல் வாரம் சொன்னேன். இரண்டாவது வாரம், மதிய நேரத்தில் கைபேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்தேன். கடைக்கு வரும் மற்றவர்களின் கேள்விகள் எல்லாம் சட்டென்று முடிந்துபோயின.

போன வாரம் கடைத் தொலைபேசியில் கெவின் வந்தார். குரலில் என்னுடைய பழைய களைப்பு அப்படியே இருந்தது.

"மூன்றாவது பீப்பாய் போட்டிருக்கிறான். குடிக்கவும் மாட்டான். நேற்று அரை மணி நேரம் குமிழி சத்தத்தைக் கேட்க வைத்தான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?"

"சும்மா விடுங்க, கெவின்" என்றேன். "என்னைக்காவது ஒரு நாள் அவர் எதுவும் கேக்கலைன்னா, அப்ப மட்டும் எனக்கு உடனே சொல்லுங்க."