முடியாத ஆமென்

கோபக்காரர்களிடம் பாடகர் குழுவைக் கொடுக்கக் கூடாது. அதிலும், நாலு எழுத்து படித்த கோபக்காரியிடம் கொடுக்கவே கூடாது. கல்லூரி முடித்த கையோடு, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் பாட்டு என் பொறுப்புக்கு வந்தது. நன்றாக நடந்தால் ஈஸ்டருக்கும் நான்தான். சொதப்பினால் பழைய மாஸ்டர் ஜெபராஜ் அங்கிள் திரும்பி வந்துவிடுவார். அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்கு நுண்சுரப் பைத்தியம். கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சின்னச் சின்னச் சுரங்கள். (இன்டர்நெட்டில் படித்தது. எல்லாச் சனியனும் அங்கிருந்துதானே வருகிறது!) பாட்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலையைச் சொல்லும்படி பெயர் வைக்க வேண்டுமாம். புத்தகப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நானே வைத்தேன். பாட்டு போய்ச் சேர்ந்து ஓய்கிற சுரம் 'குவார்ட்டர்ஸ்'. அசையாமல் நிற்பவை 'பர்மனென்ட்'. நடுவில் வந்து, பாரத்தை இழுத்துக் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டிய நுண்சுரங்கள் 'கான்ட்ராக்ட்'.

என்ன அறிவு! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட், குடியிருப்பது கம்பெனி குவார்ட்டர்ஸில். நுண்சுரம் பாடவேண்டிய கடைசி வரிசை ஆண்கள் எல்லோரும் டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்து வாடகை வீடுகளிலிருந்து வருகிறவர்கள், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அவர்களைப் பார்த்துத்தான் ஒத்திகையில் கத்தினேன்: "கான்ட்ராக்ட் எல்லாம் ரொம்ப நேரம் நிக்கக் கூடாது! வேலை முடிஞ்சதும் போயிடணும்!"

அந்த வரிசைக்கு மூத்தவர் ஆரோக்கியம் அண்ணன். "ஏன் பாப்பா, குவார்ட்டர்ஸ்ல அதுக்கு எடமே கெடையாதா?" என்று கேட்டார்.

"கெடையாதுண்ணே. நின்னா நாராசமா இருக்கும்."

"பேரு கரெக்டாதான் வெச்சிகினு கீற."

பாராட்டு என்று நினைத்து வீட்டில் பீற்றிக்கொண்டேன். (அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போதாவது உறைக்க வேண்டாமா?)

கிறிஸ்துமஸ் காலைப் பூசை. கடைசி ஆமென். மற்றவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி வரிசை கான்ட்ராக்டிலேயே நின்றது. கையைக் காட்டினேன். முறைத்தேன். "போங்க, போங்க!" என்று பல்லைக் கடித்தேன். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் பிடித்துக்கொண்டார். ஆசீர்வாதத்துக்குத் தூக்கிய கையை இறக்குவதா வேண்டாமா என்று ஃபாதர் விழித்தார். உட்காருவதா நிற்பதா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. ஜெபராஜ் அங்கிளுக்கு மட்டும் முகமெல்லாம் பல்.

வெளியே வந்ததும் ஆரோக்கியம் அண்ணன் மேல் பாய்ந்தேன். "என் மானத்தையே வாங்கிட்டீங்களேண்ணே!"

"நாங்க வருசக்கணக்கா நின்னுகினுதான் கீறோம் பாப்பா. ஒரு ஆமென்ல நின்னதுக்கா இம்மாங் கோவம்?"

ஈஸ்டர் ஜெபராஜ் அங்கிளுக்குப் போயிற்று. இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், "ஆமென் இன்னும் முடியல போல" என்று அப்பா முணுமுணுப்பார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நான் மட்டும் எரிந்து விழுவேன்.

"பழைய கதைக்கு ஏம்மா இவ்வளவு கோவம்?" என்பார் அப்பா.

பழைய கதையா? ஆரோக்கியம் அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னும் கான்ட்ராக்ட்தான்.