மூன்று கல்லூரிக்கு ஒரே மேடை

கல்லூரிக்கு ஆள் சேர்ப்பதில் 'பிராஸ்பெக்டஸை' மிஞ்ச தமிழ்நாட்டில் ஒருவர் பிறந்திருக்க முடியாது. எங்கள் கல்லூரியின் அட்மிஷன் ஆபீசர் அவர். அக்குளில் எந்நேரமும் ஒரு கட்டு பிராஸ்பெக்டஸ் இருந்ததால் அந்தப் பெயர். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு டாக்டரின் மகனுக்கு ஒன்றை நீட்டியவர்.

2005 கோடை. நான் புது லெக்சரர். சீட் நிரம்பாவிட்டால் முதலில் போவது என் வேலைதான் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். மரக்காணம் பக்கம் மூன்று கல்லூரிகள் போட்டி போட்டன. ஊர்க்காரர்களுக்கு நாங்கள் மஞ்சள் பஸ். மற்றவர்கள் நீல பஸ், வெள்ளை பஸ். நாங்கள் தனியாகப் போட்ட கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மைக் செட்காரர்.

"மூணு காலேஜும் சேர்ந்து ஒரே மேடை போடுவோம் சார்" என்றார் பிராஸ்பெக்டஸ். "ஜனங்க உப்பளத்து வேலைய விட்டுட்டு எத்தினி நாள் வருவாங்க?"

மற்ற இரண்டு கல்லூரிக்காரர்களும் எப்படியோ சம்மதித்துவிட்டார்கள். அதோடு விட்டாரா? சீட்டுக் குலுக்கி, மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் தன் சீட்டில் வந்த அடுத்த கல்லூரியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றார். "சொந்தக் காலேஜ யாரு சார் கொற சொல்லுவான்? அடுத்தவன் சொன்னாத்தான் நம்புவாங்க!"

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. அனுமந்தையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். வெள்ளை பஸ்காரர் எங்கள் லேபைப் புகழ்ந்ததைக் கேட்டு, அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தேடத் தோன்றியது. வெள்ளை பஸ் கல்லூரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கேன்டீன் சமோசா மட்டும்தான். அதையே பத்து நிமிடம் பேசினேன். விசில் பறந்தது! பிராஸ்பெக்டஸ் நீல பஸ்ஸைப் பற்றிப் பேசிய பேச்சில் எங்கள் பிரின்சிபாலே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அப்போது உப்பளத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் மகளோடு எழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கணுங்குது. பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துடணும். எதுல சேக்கறது?"

 பிராஸ்பெக்டஸ் எந்த ஊர் என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார். முன்வரிசையில் பிரின்சிபால் கண்ணாலேயே மிரட்டினார். பிராஸ்பெக்டஸ் அவர் பக்கம் திரும்பாமல் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நீல பஸ்லயே சேத்துடுங்கம்மா. எங்க பஸ்ஸு உங்க ஊருக்குள்ள வராது."

"யோவ்!" என்று பிரின்சிபால் அலறியது மைக்கிலும் கேட்டது.

அடுத்த நிமிடம் கூட்டம் பிராஸ்பெக்டஸ் மேசையை மொய்த்தது. "இந்த ஆளு பொய் சொல்லமாட்டாருப்பா, இவரையே கேளு!" சிலரை வெள்ளை பஸ்ஸுக்கு அனுப்பினார், சிலரை நீல பஸ்ஸுக்கு. மிச்சம் வந்தவர்களிலேயே எங்கள் சீட்டுகள் நிரம்பிவிட்டன. என் வேலை பிழைத்தது.

ஆனாலும் மறுநாள் பிரின்சிபால் அவரை நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டினார். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு வெளிச்சம் இருக்கும்போதே ஊடு போய்ச் சேர்ந்துடும் சார்."

அவ்வளவு மலர்ந்த முகத்தோடு திட்டு வாங்கிய இன்னொரு மனிதரை நான் பார்க்கவில்லை. அப்படி ஒருவரை வாழ்நாளில் ஒருதரம் பார்த்தால் போதும்.