ஒண்ணு எடுத்து வைம்மா

நம் ஊர்ப்பக்கம் ஓர் இனம் உண்டு. சொல்லி வைப்பவர்கள். இவர்களுக்கு எந்தப் பொருளும் அவசரமாகத் தேவைப்படாது; ஆனால் எந்தப் பொருளும் இவர்களைக் கேட்காமல் தீர்ந்துவிடக் கூடாது. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுவார்கள், கல்யாணப் பந்தியில் அடுத்தவர் ரசத்துக்கு வரும்போதே நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள், கறிக்கடையில் ஆடு வருவதற்கு முன்பே ஈரலுக்குச் சொல்லி வைப்பார்கள். சொன்னபின் வாங்குவார்களா? அது வேறு விஷயம்.

பெரம்பலூர் செல்லதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். உரக்கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். 2006-ல் அதே தெருவில் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த சுகன்யா, இன்டர்நெட்டில் ஒரு சின்னக் கடை திறந்தாள். முதல் சரக்கு, மேசைமேல் வைத்து மாவரைக்கிற குட்டி கிரைண்டர். பத்து முன்பதிவு சேர்ந்தால்தான் கோயம்புத்தூர்க் கம்பெனி அனுப்பும். அனுப்பியதைத் திரும்ப எடுக்காது. பொருள் கைக்கு வந்தபிறகு பணம் கொடுத்தால் போதும் என்று இந்தப் பெண் தாராளமாக அறிவித்துவிட்டது. வீட்டிலோ, "இது ஒண்ணு போணியாகலன்னா கம்ப்யூட்டரை வித்துட்டு பேசாம டீச்சர் ட்ரெயினிங் சேந்துடு" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

முதல் ஆளாக வந்து பதிவு செய்தவர் செல்லதுரை.

"ஒங்க பேரு ஏறிடுச்சுண்ணே."

"ஏறிடுச்சு, சரி. இருந்தாலும் எனக்கு ஒண்ணு தனியா எடுத்து வைம்மா."

"எல்லாருக்கும் தனித்தனியாத்தாண்ணே வரும்."

"அது தெரியும் பாப்பா. இருந்தாலும்..."

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்கிற இடத்திலும் சிபாரிசு இல்லாமல் இவர்களுக்குத் தூக்கம் வராது. மனைவி அம்சவள்ளியை விட்டு போன் பண்ண வைத்தார். செந்துறை மச்சானிடம் சொன்னார். பாடாலூரில் தெரிந்த டீக்கடைக்காரர், அரியலூரில் தெரிந்த சிமெண்ட் ஏஜெண்ட் என்று ஒருவரையும் விடாமல், "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். அவர்களும் தட்ட முடியாமல் ஆளுக்கொரு முன்பதிவைத் தங்கள் பெயரிலேயே போட்டுவிட்டு, "சொல்லியாச்சு, கவலைய வுடுங்க" என்றார்கள். சுகன்யாவோ, நம் கடைப் பெயர் செந்துறை வரைக்கும் போய்விட்டதே என்று பூரித்து, பத்து கிரைண்டருக்கும் பணம் கட்டினாள்.

சரக்கு வந்தது. ஐந்து பேர் சொன்னபடி வாங்கிக்கொண்டு போனார்கள். மீதிப் பேருக்கு போன் போட்டால் அத்தனை பேரும் செல்லதுரையைக் கைகாட்டினார்கள். செல்லதுரை என்ன சொன்னார்?

"நான் சும்மா சொல்லித்தானே வெச்சேன் பாப்பா? வூட்டுல பழைய கிரைண்டரே நல்லாத்தான் ஓடுது."

அன்று சுகன்யா அழுதாள். எனக்கே செல்லதுரை மேல் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, கடையின் இன்டர்நெட் பக்கத்திலும் சென்டர் வாசலிலும் ஓர் அறிவிப்புப் போட்டாள்: 'கிரைண்டர் முன்பதிவு முடிந்தது. தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.'

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஒருவர் பக்கத்துக் கடைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "எனக்குக் குடுத்தேன்னு வெளியில சொல்ல மாட்டேம்மா" என்றார். நான்கு கிரைண்டர்கள் சிபாரிசின் பேரில் போயின. கடைசி ஒன்றுக்கு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கையில் முழுப் பணம். பக்கத்தில், செந்துறையிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்த மச்சான்.

"முடிஞ்சிடுச்சேண்ணே."

"எனக்கேவா? மொதல்ல சொல்லி வெச்சவனே நான்தானேம்மா!"

சுகன்யா ரொம்ப நேரம் யோசிப்பதுபோல் யோசித்தாள். பிறகு, "ஒங்களுக்காகத்தாண்ணே" என்று பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். செல்லதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் அவர் வீட்டில் பழைய கிரைண்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இப்போது சுகன்யா இட்லி குக்கருக்கு முன்பதிவு ஆரம்பிக்கப் போகிறாள் என்று கேள்வி. உங்கள் வீட்டில் இட்லி குக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. 'இதை எழுதுகிற ஆளுக்குத் தெரிந்த பெண்தான் போலிருக்கிறது, இவரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தால் என்ன?' என்று இந்த நிமிஷம் உங்களுக்குத் தோன்றவே இல்லை என்று சத்தியம் செய்யுங்கள், பார்ப்போம்.