கண்ணாடிக்காரர் சந்தில் ஒரு தையல்கடை

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, வரைபடங்களும் செயற்கைக்கோள் படங்களும் விற்கும் ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் 'கண்ணாடிக்காரர் சந்தில் ஒரு நடை' என்ற கட்டுரை வெளியானது. எழுதியவள், அங்கே கட்டுரை எழுதச் சேர்ந்திருந்த பயிற்சிப் பெண். அவள் அந்தச் சந்தில் நடந்ததில்லை.

நேரில் பார்க்காததை எழுதக் கூடாது என்பது நிறுவனத்தின் முதல் விதி. ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது. கட்டிலில் படுத்தபடி, நிறுவனத்தின் வரைபடத்தில் கண்ணில் பட்ட ஒரு சின்னச் சந்தைத் தேர்ந்தெடுத்தாள். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் மரங்கள்தான் தெரிந்தன. நல்ல நிழல் என்று எழுதினாள். ஆள் நடமாட்டம் குறைவாகத் தோன்றியதால் ஒரு தையல்கடையையும் திறந்து வைத்தாள்.

கட்டுரை எல்லோருக்கும் பிடித்துப்போனது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. நிரந்தர வேலைக்கு அவள் பெயரைத்தான் சொல்லப்போவதாக மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். கையோடு தையல்காரரின் படத்தையும் கேட்டார்.

அக்கா வீட்டுத் தையல் இயந்திரத்தின் முன்னால் அத்தானை உட்கார வைத்தாள். அவருக்குப் பொத்தான்கூடத் தைக்க வராது.

"சிரிக்காதீங்க அத்தான். காலையிலிருந்து உழைச்ச களைப்பு மூஞ்சியில தெரியணும்."

"கல்யாணத்திலிருந்தே அப்படித்தானே இருக்கேன். அப்படியே எடு."

படம் கட்டுரையைவிடப் பேர் வாங்கியது. இடங்களை நேரில் சரிபார்க்கும் கள ஆய்வாளர், தானே போய்ப் பார்த்ததாகவும் எல்லாம் சரி என்றும் எழுதிக் கொடுத்தார். தற்செயலாக அங்கே ஒரு தையல்கடை இருந்து தொலைத்திருக்கிறது என்று அவளுக்கு மூச்சு வந்தது.

மேலாளர் ஒருபடி மேலே போனார். "அந்தச் சந்து இறக்கத்துலதான் நான் சைக்கிள் பழகினேன்" என்று முழங்கால் தழும்பைக் காட்டினார். அவள் உடனே கட்டுரையில் ஓர் இறக்கத்தைச் சேர்த்தாள்.

அதைப் படித்த பெரிய வாடிக்கையாளர் ஒருவர், வெள்ளிக்கிழமை வருவதாகவும் அந்தத் தையல்காரரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அவள் அத்தானிடம் ஓடினாள். உட்காரத் தயார், ஆனால் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் தையல்காரரை யார் எழுப்புவது என்று கேட்டார் அவர்.

வேறு வழியில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சார், நான் அந்தச் சந்துக்குப் போனதே இல்ல. தையல்கடை நானா எழுதினது. படத்துல இருக்கறது எங்க அத்தான்."

மேலாளரின் முகம் சுண்டிப்போனது. உண்மைதான் இந்தத் தொழிலுக்கு முதலீடு என்று ஆரம்பித்து, வெகுநேரம் பேசினார். அந்த வெயிலில் தான் போய் வந்ததை எடுத்துச் சொல்லி, இந்தக் காலத்துப் பிள்ளைகளை நினைத்து வருத்தப்பட்டார் கள ஆய்வாளர். வேலை கைநழுவிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த, வரைபடம் வரையும் அம்மாள் அப்போதுதான் கணினியிலிருந்து தலையைத் திருப்பினார்.

"அந்தப் பொண்ணை ஏன் சார் திட்டறீங்க? அது வெறும் தோப்பு. அங்க சந்தே கிடையாது. நம்ம மேப்பைக் காப்பி அடிக்கறவன் மாட்டட்டும்னு நான்தான் சும்மா ஒண்ணு வரைஞ்சு வெச்சேன்."

அன்று மாலையே அவளுக்கு வேலை நிரந்தரமானது.