கப்பலேறிய கோரிக்கை

தலைவருக்கு அவருடைய சொந்த வீட்டில் இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுவதே முறை. அவரும் அப்படித்தான் சொல்லுவார்.

முதலாவது, மின்விசிறி. கல்யாணமான முதல் கோடையிலேயே மனைவி அதைக் கேட்டுவிட்டாள். பஸ் பணிமனையில் தொழிலாளி வெந்துகொண்டிருக்கும்போது தொழிற்சங்கச் செயலாளன் வீட்டில் விசிறியா என்று தலைவர் கொதித்தார். கொதித்து முடித்து வாங்கினார். விசிறி அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே மாட்டப்பட்டது. மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். அப்போது அவளுக்கு ராத்திரி டூட்டி.

இரண்டாவது, சாய்வு நாற்காலி. அதுவும் அவள் கேட்டதுதான். வருகிறவர் போகிறவர் உட்கார வேண்டும் என்று வாங்கப்பட்டது. வருகிறவரும் போகிறவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். தலைவர் சாய்ந்துகொண்டு, சொகுசு மனிதனை எப்படிக் கெடுக்கிறது என்று அவர்களுக்கு விளக்கினார்.

மூன்றாவது, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் டிவி. அதன் ரிமோட் இன்றுவரை அவர் சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை.

நான்காவது, ஏசி. அது வந்த முதல் நாளே அவருக்குச் சளி பிடித்தது. கழுத்துவரை போர்த்திக்கொண்டு, குளிர்சாதன மோகத்தைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை எழுதினார்.

ஒவ்வோர் அநீதிக்குப் பிறகும் தலைவர் படியிறங்கி வந்து, கீழ்வீட்டு வாசலில் நின்று, பெருமூச்சோடு அறிவிப்பார்: "நான் என்ன பண்ணட்டும். எங்க வீட்டு மகாராணி உத்தரவு."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் மகாராணி, காய்கறிக் கடையில் மகாராணி. பெட்பேன் தூக்கியே தோள்பட்டை இறங்கிப்போன ஒருத்திக்கு ஊரார் சூட்டிய பட்டம் அது. தக்காளியை ஒரு தரம் புரட்டிப் பார்த்தால் போதும், கடைக்காரர் "மகாராணிக்கு இதெல்லாம் பிடிக்குமா" என்று கூடையை இழுத்துக்கொள்வார்.

அவள் உண்மையிலேயே கேட்டாளா என்றால், கேட்டாள். கேட்க வைப்பதில் இருந்தது தலைவரின் அனுபவம். "உனக்கு வேர்க்குதே," என்பார். மறுநாள் "உனக்கு ரொம்ப வேர்க்குதே," என்பார். அடுத்த வாரம் முழுக்க அவளுடைய வேர்வையே வீட்டில் பேச்சாக இருக்கும். கடைசியில் அவள் கை வேலையைப் போட்டுவிட்டு, "ஒண்ண வாங்கித்தான் தொலைங்களேன்," என்பாள். அந்தத் 'தொலைங்களேன்' தலைவரின் காதில் கோரிக்கையாக விழும். சாயங்காலம் வரை எதிர்ப்பார். பிறகு குடும்ப ஒற்றுமை கருதி விட்டுக்கொடுப்பார். வாழ்நாள் முழுக்கப் பிறருக்காகக் கேட்ட மனிதர் தமக்கென்று ஒன்றுமே கேட்டதில்லை. எல்லாம் தானாக வந்து அவர் கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொண்டன.

ஐந்தாவதாக வந்தது கப்பல்.

ஓய்வு பெற்றோர் சங்கம் உல்லாசக் கப்பலில் ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்தது. சங்கத்துக்குத் தலைவர், தலைவர்தான். மனைவிக்கு ஓய்வுப் பணம் வந்திருந்தது. "ரெண்டு பேருக்கும் நானே கட்டறேன், போயிட்டு வரலாம்," என்றாள். கப்பலில் இரண்டு வகை அறை. ஜன்னலே இல்லாத உள்ளறை ஒன்று. கடலைப் பார்த்த பால்கனி வைத்தது இன்னொன்று.

கப்பல் கம்பெனிக்காரன் பலே ஆசாமி. கடல் அவன் வெட்டியதில்லை, காற்று அவன் ஊதியதில்லை. நடுவில் ஒரு கம்பியை நட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒன்றரை மடங்கு கட்டணம் வைத்தான். தலைவர் சங்கக் கூட்டத்தில் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினார். "காத்துக்குக் காசா? கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது நமக்குப் புதுசா? லாக்கப்ல நின்னவங்கய்யா நாம. அன்னைக்கு அரசாங்கம் இலவசமாவே குடுத்தது." கைதட்டல் அடங்குவதற்குள் எல்லோரும் உள்ளறைக்கே பணம் கட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் தலைவர் அந்த விளம்பரத் தாளைச் சரியாகப் பார்த்தார்.

பால்கனியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், இரு கைகளையும் கம்பியில் ஊன்றி நிற்கிறான். எதிரே கடல். அவன் நிற்கிற தோரணை தலைவருக்குத் தெரியும். அது மேடையில் நிற்கிற தோரணை. எதிரே இருப்பது கூட்டம். எப்படிப்பட்ட கூட்டம். கரைகாணாத கூட்டம். ஓயாமல் முழங்குகிற கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, டீ வந்ததும் எழுந்து போகாத கூட்டம். கடைசியாக அவர் பேசிய பொதுக்கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் இறுதிவரை உட்கார்ந்திருந்தன. தாளை நாலாக மடித்து, ரிமோட்டோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினார்.

"அந்த உள்ளறையில ஜன்னலே கிடையாதாம்."

"நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி. துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இருட்டா இருக்கும். தூங்கலாம்."

"காத்து வராது."

"ஏசி இருக்காம். நீங்க எதிர்க்கிறீங்களே, அதே ஏசி."

"உனக்கு மூச்சு முட்டுமே."

"எனக்கா? உங்ககூட இத்தனை வருஷம் இருந்தே முட்டல."

"கடலுக்கு நடுவுல போயும் கடல் உன் கண்ணுல படாது."

"மேல் தளத்துக்குப் போனாப் படும். அது எல்லாருக்கும் பொது. கடல் பொதுச்சொத்துன்னு நேத்து மேசையைத் தட்டினது நீங்கதானே."

தலைவர் தந்திரத்தை மாற்றினார். குரலில் கொஞ்சம் இரக்கம் சேர்த்தார்.

"ஊருக்கெல்லாம் பால்கனி இருக்கு. பாவம், உனக்கும் ஆசை இருக்காதா."

"எனக்குப் பாலும் வேணாம், கனியும் வேணாம். ஒரு கட்டிலும் கதவும் போதும். ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து பகல்ல கண்ண மூடினா, வாசல்ல கூட்டம் போட்டு முழக்கம் போடுவீங்க. அந்தத் தூக்கமெல்லாம் பாக்கி இருக்கு." ஒரு துண்டை உதறி மடித்தாள். "ஏங்க, உங்களுக்கு பால்கனி வேணும்னா வேணும்னு சொல்லுங்களேன்."

"எனக்கா?" தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "என்னைப் பாத்தா கேக்கற?"

"பாத்துக்கிட்டுதான் கேக்கறேன்."

"எனக்கெதுக்கு. எனக்கு ஒரு பாய் போதும்."

"அப்ப சரி. பேச்சு முடிஞ்சுது," என்று அவள் மடித்த துணியோடு உள்ளே போனாள். தலைவர் சுழலும் விசிறியோடு, சாய்வு நாற்காலியில், ஏசிக் காற்றில் தனியே விடப்பட்டார். பேச்சுவார்த்தை முறிந்தது.

வாரம் முழுக்க முயன்றார். 'தொலைங்களேன்' வரவில்லை. உள்ளறைவாசிகளுக்கு வாந்தி அதிகம் என்றார். மாத்திரை இருக்கிறது என்றாள் நர்ஸ். இருட்டில் கால் இடறும் என்றார். கைப்பையில் டார்ச் இருக்கிறது என்றாள். எந்த முதலாளியும் அவரை இந்தப் பாடு படுத்தியதில்லை. முதலாளியாவது ஏதாவது ஒன்றை மறுப்பான். இவள் எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள்.

வேறு வழியில்லாமல் தலைவர் படியிறங்கினார். கீழ்வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். சங்கத்தில் அவர் பெயரே கடிகாரம். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தார்.

"என்ன தலைவரே, முகம் செத்துப்போச்சு?"

தலைவர் வானத்தைப் பார்த்தார். "கப்பல் விஷயமா வீட்டுல கொஞ்சம்..."

"மகாராணி பால்கனி கேக்கறாங்களா?"

தலைவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு முன்பே விசிறி வாங்கியது, நாற்காலி வாங்கியது, டிவி வாங்கியது, ஏசி வாங்கியது. மறுநாள் பால்கனி வாங்கவும் புறப்பட்டுவிட்டது. மாடிப்படியில் மூன்றாம் மாடிக்காரி மனைவியை மறித்து, "என்ன மகாராணி, நாங்கள்லாம் உள்ளே, உங்களுக்கு மட்டும் பால்கனியாமே," என்று கேட்டாள்.

மனைவி வீட்டுக்குள் வந்து பையைக் கீழே வைத்தாள். தலைவர் பேப்பரை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நான் பால்கனி கேட்டேனாம்," என்றாள்.

"ஜனங்க பேசுவாங்க."

"எந்த ஜனங்க?"

"பொதுவா."

அவள் பேப்பரின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "சரி," என்றாள். "நாளைக்கு சங்கக் கூட்டம். அங்கயே பேசிடுங்க. நான் தடுக்கல."

தலைவர் பேப்பருக்குப் பின்னால் வெற்றி முழக்கம் போட்டார், சத்தம் வராமல்.

சங்கத்தின் விதிகள் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டும் தலைவர் போட்டவை. ஒரே பெயரில் பல பேர் இருந்ததால் சந்தா ரசீது ஆள் மாறிப் போய்ச் சண்டை வந்தது. ஆகவே எல்லோரையும் பட்டப்பெயரில் பதிவது என்பது முதல் விதி. மனைவியை 'மகாராணி' என்று அவர் கையாலேயே பதிந்தார். இரண்டாவது விதி அவர் பெருமையோடு சொல்லிக்கொள்வது. பணிமனைக் காலத்தில் யார் கேட்டதென்று தெரியாத ஒரு மனுவை மேலாளர் குப்பையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து, கேட்பவன் எழுந்து நின்று 'எனக்கு வேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதைச் சபையில் அவன் பெயரோடு உரக்க வாசிக்க வேண்டும். பெயர் இல்லாத கோரிக்கை செல்லாது.

கூட்டம் கூடியது. செயலாளர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். டிக்கெட் ஏஜெண்டும் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தான். பால்கனி அறை ஒன்றே ஒன்று மிச்சம், இன்றைக்கே சொல்ல வேண்டும் என்றான்.

தலைவர் எழுந்தார். குரல் தழுதழுத்தது. "தோழர்களே, என் கொள்கை உங்களுக்குத் தெரியும். ஆனா ஒரு வீடுன்னு இருந்தா விட்டுக்கொடுத்துத்தான் போகணும். என் வீட்டுல ஒரு கோரிக்கை எழுந்திருக்கு. கனத்த இதயத்தோட, குடும்ப ஒற்றுமை கருதி, அந்தப் பால்கனியை..."

"ஐயா," என்றார் டீச்சர், பேனாவைத் திறந்தபடி. "கேட்டவங்க பேரு?"

"அதான் சொன்னேனே. வீட்டுல."

"வீடு நம்ம சங்கத்துல உறுப்பினர் இல்லீங்களே."

எல்லோரும் மகாராணியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"நான் கேக்கல. எனக்கு உள்ளறைதான் வேணும். டீச்சருக்கு ஜோடி ஆள் இல்லைன்னாங்க, நான் அவங்ககூடப் படுத்துக்கறேன். ரெண்டு பேருக்கும் தூக்கம்தான் வேணும். ஆனா பால்கனி வேணும்னு யாராவது ஆசைப்பட்டா, அந்தப் பணத்தையும் நானே கட்டறேன். பேரை மட்டும் அவங்க கட்டட்டும்."

உட்கார்ந்துவிட்டாள்.

"கோரிக்கையில நியாயம் இருந்தா போதாதா? பேரு ஒரு சம்பிரதாயம்," என்றார் தலைவர்.

"சம்பிரதாயம்னு இந்த விதி போட்ட அன்னைக்கு நான் சொன்னதுக்கு ஒரு மணி நேரம் திட்டினீங்களே தலைவரே," என்றார் கடிகாரம்.

"பொதுநலன் கருதி..."

"பால்கனியில ஒருத்தர்தானேய்யா நிக்கப் போறாரு," என்றது பின்வரிசை. "அதுல என்ன பொது?"

ஏஜெண்ட் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், அந்தப் பக்கம் லைன்ல இருக்காங்க. விட்டுடவா?" என்று கேட்டான்.

தலைவர் கண்ணை மூடினார். கடல் முழங்கியது. டீ வந்தும் எழுந்து போகாத அந்தக் கூட்டம் அவரை மேடைக்கு அழைத்தது. சட்டைப்பையில் நாலாக மடித்த வெள்ளைச் சட்டைக்காரன் கம்பியை விட்டு ஒதுங்கி இடம் கொடுத்தான்.

"எனக்கு," என்றார்.

"பின்னால கேக்கல, ஐயா," என்றார் டீச்சர். மைக் இல்லாமல் மைதானத்தையே அதிரவைத்த தொண்டை அது.

"எனக்குத்தான் வேணும்."

மனைவி மறுபடி எழுந்தாள். "பேரு மாத்தம் ஒண்ணு இருக்கு டீச்சர். பட்டம் தப்பான ஆள்கிட்ட ரொம்ப நாளா இருக்கு. உரியவருக்கு மாத்திக் குடுத்துடுங்க. எனக்கு வேலை குடுத்த பேரு போதும்."

"வழிமொழியறேன்," என்றார் கடிகாரம், கண்ணாடியைக் கழற்றி. தன் வாசலில் தலைவர் விட்ட பெருமூச்சுகளையெல்லாம் அப்போதுதான் அவர் கழற்றிப் பார்த்துப் பழுது கண்டுபிடித்திருந்தார். கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரு கையும் இல்லை. தலைவருடைய மானம், அவருக்கு முன்பாகவே கப்பலேறிப் போய் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது.

டீச்சர் எழுதி முடித்து, தாளைத் தூக்கிப் பிடித்து, விதிப்படி சபைக்கு வாசித்தார்.

"உள்ளறை: டீச்சர், நர்ஸம்மா."

தக்காளிக் கடைவரை போய்ச் சேர வேண்டிய குரலில் அடுத்ததை வாசித்தார்.

"பால்கனி: மகாராஜா."