பெரெஃப்ட் மாஸ்டர்

ஆங்கிலம் அறவே தெரியாதவன் சபையில் வாய் திறப்பதில்லை. நன்றாகத் தெரிந்தவன் அளந்து பேசுவான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன்தான் ஒலிவாங்கியைத் தானாகப் போய்ப் பிடிப்பான். எண்பதுகளின் நடுப்பகுதியில், இருபத்தொரு வயதில், யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் நான் அப்படி நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகம் கூப்பிடும் என்று காத்திருந்த காலம் அது. வீட்டில் சும்மா கிடக்கிறான் என்ற பேச்சு வராமலிருக்க, பக்கத்து ரியூட்டரி ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தேன். என்னிடம் இருந்த அகராதி 'சி' எழுத்தில்தான் தொடங்கும். 'ஏ', 'பீ' இரண்டையும் எனக்கு முன்னரே கறையான் படித்து முடித்திருந்தது. அதனால் அந்த எழுத்துகளில் தொடங்கும் சொற்களுக்கு நானே பொருள் கண்டுபிடித்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. (சரியில்லை என்று சொல்ல அந்த ரியூட்டரியில் ஆளில்லை என்பது வேறு விஷயம்.)

'பெரெஃப்ட்' என்ற சொல்லை அப்படித்தான் பிடித்தேன். கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு கிழிந்த தாளில், யாரோ ஒருவரின் மரண அறிவித்தலில் அது கிடந்தது. வசனத்தின் முன்பாதியைக் காணவில்லை. மரண அறிவித்தலில் செத்தவரைப் பற்றி நல்லதைத் தவிர வேறென்ன போடுவார்கள்? ஆகவே 'நிரம்பப் பெற்றவர்' என்று பொருள் முடிவு செய்தேன். அதற்குப் பின்னால் 'ஒஃப்' வரும் என்பதையும் குறித்துக்கொண்டேன். இலக்கணத்தில் நான் வலு கவனம்.

சொல்லைப் பயன்படுத்தச் சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் கனகசபை காலமானார்.

எங்கள் பக்கத்தில் பிரேதம் எடுக்க முன்னர் நாலு பேர் இரங்கலுரை ஆற்றாவிட்டால், செத்தவர் செத்ததாகவே கணக்கில்லை. பந்தலில் உரைகள் நடந்துகொண்டிருந்தன. அவருடைய மகன் ரவி அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். அழுதழுது கண்கள் வீங்கியிருந்தன.

"தம்பி, அப்பாவோடை கொழும்பிலை வேலை செய்த துரை ஒருத்தர் யாழ்தேவி ரெயினிலை வந்திறங்கியிருக்கிறார். தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. பாவம், வந்ததிலையிருந்து பேசாமல் இருக்கிறார். நீ இங்கிலிசிலை நாலு வசனம் சொல்லுவியோ? எனக்கெண்டால் தொண்டை அடைக்குது."

"ஓம் அண்ணை, சொல்லுறன்" என்றேன். அவர் கேட்டு முடிக்கும்போது நான் ஒலிவாங்கிக்குப் பாதி வழி போயிருந்தேன்.

துரை முன்வரிசையில், வெள்ளை உடுப்பும் கறுப்புக் கழுத்துப்பட்டியுமாக, முழங்காலுக்கிடையில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தே பேசினேன். காலமான கனகசபை ஒரு பெரிய மனிதர் என்றேன். துரை தலையாட்டினார். பிறகு குரலை உயர்த்தி, "ஹீ வாஸ் பெரெஃப்ட் ஒஃப் கைண்ட்னஸ்" என்றேன். துரையின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. வந்திருந்த சனத்தில் பெரும்பாலானோருக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் என் குரல் உடைந்த விதத்தைக் கேட்டுப் பெண்கள் பக்கத்தில் ஓலம் கூடியது. அது தந்த உற்சாகத்தில் நேர்மையையும் அறிவையும் அதே சொல்லில் கோர்த்துவிட்டேன். துரை குடைப்பிடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கிப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

நான் இறங்கியதும் துரை எழுந்து தானும் பேசினார். இந்த இளைஞர் சொல்ல வந்தது சரி, கனகசபை போனதனால் இன்றைக்கு நாங்கள்தான் கருணையும் நேர்மையும் அறிவும் 'பெரெஃப்ட்' ஆகி நிற்கிறோம் என்றார். என் சொல்லை ஒரு கொழும்புத் துரை எடுத்து ஆளுகிறார் என்பதில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. செத்தவரோடு சேர்த்து எங்களையும் புகழ்கிறாரே, என்ன பெருந்தன்மையான மனிதர் என்றும் நினைத்தேன்.

பாடை முன்னே போக, ஆண்கள் சுடலைக்கு நடந்தோம். வழியில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். கனகசபையின் பக்கத்து வளவுக்காரர். முன்பு கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கிளாக்கர். வேலி எல்லைக்காக அவரோடு வருடக்கணக்காக வழக்காடியவர்.

"தம்பி, உந்த மனுசனைப் பற்றி உள்ளதைச் சொன்னது நீர் ஒருத்தர்தான். அதுவும் பிரேதத்துக்கு முன்னாலை, ஒலிபெருக்கியிலை. நான் கோட்டிலை கூட அவ்வளவு சொல்லத் துணியேல்லை."

"நான் என்ன சொன்னனான் ஐயா?"

"கருணை இல்லாத ஆள், நேர்மை இல்லாத ஆள், புத்தி இல்லாத ஆள். மூண்டும் சரி. கஞ்சத்தனத்தைத்தான் விட்டிட்டீர்."

பறை மேளம் அடிப்பது கேட்டுக்கொண்டிருந்தது. என் கால்கள் மட்டும் ஊர்வலத்தோடு போயின. வேலிக்காரர் கோபத்தில் தானாக ஒரு பொருளைச் சொல்கிறார் என்று மறுநாள் வரைக்கும் என்னைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் பட்டணத்துக்குச் சைக்கிளில் போய், 'பீ' எழுத்து உள்ள ஓர் அகராதியைப் பார்த்தேன். வைத்திருந்த ஒன்றை இழந்து, அது இல்லாமல் தவித்து நிற்கிற, என்று போட்டிருந்தது. அகராதியை மெதுவாக மூடிவிட்டு வந்தேன்.

அதற்குள் ஒழுங்கை முழுக்கக் கதை பரவியிருந்தது. ரவி அண்ணை என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிப் போனார். ரியூட்டரியில் நான் உள்ளே போனதும் பின்வாங்கிலிருந்து "பெரெஃப்ட் மாஸ்டர்" என்று ஒரு குரல் வந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போவதில்லை என்று படுத்துக் கிடந்தேன். அம்மா விடவில்லை.

"போகாட்டி, நீ வேணுமெண்டுதான் சொன்னதெண்டு ஆக்கிப்போடுவினம். எழும்பு."

கனகசபையின் மனைவியை நாங்கள் மாமி என்போம். உடுவிலில் விடுதியில் தங்கி ஆங்கிலத்திலேயே படித்தவர் என்பது ஊருக்குத் தெரியும். (எனக்கும் தெரியும். ஒலிவாங்கியைக் கண்டதும் மறந்துவிட்டேன்.) வெள்ளைச் சேலையில் சுவரோடு சாய்ந்து இருந்தார். நான் முன்னால் போய் நின்று, "மாமி, எனக்கு அந்தச் சொல்லின்ரை கருத்துத் தெரியாது" என்றேன்.

"அது எனக்கு அப்பவே விளங்கினது" என்றார். "தம்பி, அவர் ஒண்டையும் இழக்கேல்லை. எல்லாத்தோடையும்தான் போனவர். சொல்லு சரி. ஆளைத்தான் மாத்திப் போட்டீர். அது என்னைச் சொல்ல வேண்டிய சொல்லு."

அவர் ரவி அண்ணையைக் கூப்பிட்டு, "இவருக்குச் சாப்பாடு போடு" என்றார். ரவி அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் இலை விரித்தார். சோறு போட்டார். கறி போட்டார். மூன்றாம் முறை ரசம் கொண்டுவந்தபோது, "அப்பா இருந்திருந்தால் உன்னை எழுப்பி நிப்பாட்டி எழுத்துக்கூட்டச் சொல்லியிருப்பார்" என்றார். பிறகு அடக்கமுடியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

பல்கலைக்கழகம் பிறகு கூப்பிட்டது. பட்டம் பெற்றேன், ஆங்கில ஆசிரியரானேன், கலியாணமும் செய்தேன். பெண் கேட்டுப் போன வீட்டில், என் பெயரைச் சொன்னதும் உள்ளேயிருந்து, "ஆர், பெரெஃப்ட் மாஸ்டரோ?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டவர்தான் என் மனைவி. வீட்டில் எது முடிந்தாலும் அவருக்கு ஒரே சொல்தான். நேற்றும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, சீனிப் போத்தல் பெரெஃப்ட்."

"போத்தல் பெரெஃப்ட் ஆகாது. இழந்து கவலைப்படுகிற ஆளுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்" என்றேன், எத்தனையாவது தடவையோ.

மனைவி சீனியில்லாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அப்ப ஆள் நீங்கள்தான். குடியுங்கோ."